பண்டிகைப் பணம் மிச்சம்: பேரணியா, கேமராவா, மைதானமா, ஆளா?

மாரியம்மன் பண்டிகைக் கணக்கை முடித்தபோது 1,40,000 ரூபாய் மிச்சம் நின்றது. எங்கள் ஊர் தருமபுரி மாவட்டத்தில், காரிமங்கலத்துக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. இப்படிப் பணம் மிஞ்சினால் கோயிலுக்கு டைல்ஸ் ஒட்டுவோம், இல்லையென்றால் பந்தல் சாமான் வாங்கிப் போடுவோம். இந்த வருஷம் அந்தப் பேச்சே எழாமல் போனதற்குக் காரணம் ஒரு அன்னக்கூடை.

நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பின்னால் கால்வாயைத் தூர்வாரினார்கள். மண்ணோடு வந்ததில் பாதி காலிப் பவுச். உதட்டுக்குள் ஒதுக்கிவைக்கிற புகையிலைப் பவுச். இடையிடையே பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் டியூப்களும் கிடந்தன. தூர்வாரியவர்களில் பலருடைய பிள்ளைகள் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். ஒரு அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு நேராகக் கோயில் திண்ணைக்கு வந்தார். நோட்டை விரித்து உட்கார்ந்திருந்த எங்கள் முன்னால் கவிழ்த்தார். "டைல்ஸ் அப்புறம் ஒட்டலாங்கண்ணா. மொதல்ல இதைப் பாருங்க."

அன்றைக்கு ராத்திரியே ஆளாளுக்கு ஒரு யோசனை. பேரணி என்றார் ஒருவர். கேமரா என்றார்கள் இளவட்டங்கள். மைதானத்துக்கு லைட் போடலாம், டாக்டரை வரவழைத்து முகாம் நடத்தலாம், சாயந்திரம் பிள்ளைகளோடு இருக்கச் சம்பளத்துக்கு ஒரு ஆள் போடலாம். ஆக மொத்தம் ஐந்து. பள்ளிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன், நாள் பூராவும் பிள்ளைகளைப் பார்க்கிறவன் என்பதால் ஐந்தையும் விசாரித்து எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. இரண்டு மாதம் அலைந்தேன். இதே யோசனையில் இருக்கிற வேறு ஊர்க்காரர்களுக்கும் ஆகட்டும் என்று நோட்டில் எழுதியதைக் கொஞ்சம் விரித்துப் போடுகிறேன்.

நாலரை முதல் எட்டு வரை

எங்கள் தெருவில் பதினான்கு வீடு. அதில் ஆறு வீட்டில் அப்பா அம்மா இரண்டு பேரும் பெங்களூரில் கட்டட வேலை. பிள்ளைகள் ஆயாவிடம் வளர்கிறார்கள். இன்னும் இரண்டு வீட்டில் அம்மா ஓசூர் கம்பெனிக்கு ஷிப்ட் போகிறார். பஸ் வீட்டுக்குக் கொண்டுவந்து விடும்போது ராத்திரி ஆகிவிடும். பள்ளி மணி நாலே காலுக்கு அடிக்கிறது. அதிலிருந்து எட்டு மணி வரை பையன் எங்கே இருந்தான் என்று கேட்டால் ஆயாவுக்குத் தெரியாது. என் கடைக்கு எதிரே மேல்நிலைத் தண்ணித் தொட்டி இருக்கிறது. அதன் படியில்தான் அந்த நேரம் கழிகிறது. அது எனக்குத் தெரியும்.

மே மாதம் வந்துவிட்டால் கையில் காசும் சேர்ந்துகொள்கிறது. மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கம் மண்டிக்கும் கூழ் கம்பெனிக்கும் லோடு ஏற்றப் போகிற பையன்களில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிறவர்களும் உண்டு. கூலி அன்றன்றைக்கே கைக்கு வந்துவிடும். பெரியவர்களோடு வேலை, பெரியவர்களோடு டீ, அப்புறம் பெரியவர்கள் போடுவதெல்லாம். முதல் பவுச்சைக் கையில் கொடுத்தவன் பெரும்பாலும் கூட வேலை பார்த்தவன்தான். சினிமாவில் வருகிற மாதிரி கறுப்புக் கண்ணாடி போட்ட வில்லன் யாரும் இங்கே வருவதில்லை.

மனசு பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பையன்கள் யாரும் "மனசு சரியில்லை" என்று சொல்ல மாட்டார்கள். "தலை வலிக்குது", "தூக்கம் வரல" என்பார்கள். அதற்கு மிஞ்சினால் "போரடிக்குதுண்ணா". பெங்களூர் நிமான்ஸ் மனநல மருத்துவமனை 2015-16-ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் மூன்று பேர். மனநலப் பிரச்சினைகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயும் பாதி 18 வயதுக்குள்ளேயும் தலைகாட்டிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பவுச் தனி, மனசு தனி என்று பிரித்து இரண்டு திட்டம் போட எங்களிடம் பணமும் இல்லை, பிரிக்கவும் முடியாது. தூக்கம் வராத பையன்தான் தொட்டிப் படியில் கடைசி வரை உட்கார்ந்திருக்கிறான்.

இன்னொரு புள்ளிவிவரத்தையும் சொல்லிவிடுகிறேன், அது எங்கள் கூட்டத்தில் பலரை உலுக்கியது. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் எடுத்து 2019-ல் வெளிவந்த கணக்கெடுப்பில் மது, கஞ்சா, மற்றது எல்லாவற்றிலும் பெரியவர்கள்தான் அதிகம். முகர்ந்து ஏற்றும் போதையில் மட்டும் தலைகீழ்: பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 1.17 சதவீதம். கூடையில் டியூப் ஏன் கிடந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

பேரணி

2022 ஆகஸ்ட் 11 அன்று தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளில் போதைக்கு எதிரான உறுதிமொழி எடுத்தார்கள். எங்கள் பள்ளியிலும் கை நீட்டி எடுத்தார்கள். நானும் கடை வாசலில் நின்று கை நீட்டினேன். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பேனர், மைக், பந்தல், வந்தவர்களுக்குச் சாப்பாடு, பேச்சாளருக்குச் சால்வை எல்லாம் சேர்த்தால் ஒரு நாளுக்கு 35,000 ஆகிறது. அந்தக் காசுக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

இதற்கு உலகம் ஏற்கெனவே நிறையச் செலவு செய்து விடை கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1983-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய 'டேர்' என்ற திட்டத்தில் போலீஸ்காரர்கள் யூனிபார்மோடு வகுப்புக்கு வந்து போதையின் தீமையைச் சொன்னார்கள். நாடு முழுக்கப் பரவியது. பிறகு ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அந்த வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் உட்காராத பிள்ளைகளுக்கும் போதைப் பழக்கத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட தடுப்பு நெறிமுறைகளில் பலன் தராதவை என்று ஒரு பட்டியலே இருக்கிறது: வெறும் சொற்பொழிவு, பயமுறுத்துவது, திருந்தியவரை மேடையேற்றிக் கதை சொல்ல வைப்பது. எங்கள் பேரணி நிகழ்ச்சி நிரலில் இந்த மூன்றும் வரிசை மாறாமல் இருந்தன. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

ஒரே ஒரு திருத்தம். எங்கள் பக்கம் தெருக்கூத்து இன்னும் செத்துப்போகவில்லை. பாரதம் நடக்கிற ஊர்களில் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிற கூட்டம் உண்டு. அங்கே கட்டியங்காரன் வாயில் இந்த விஷயத்தை வைத்தால் பிள்ளைகள் மாறுவார்களா தெரியாது, அப்பாக்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். சாயந்திரமானால் மகனையே கடைக்கு அனுப்பிப் பீடியும் புகையிலையும் வாங்கிவரச் சொல்கிற அப்பாக்களுக்கு அது தேவை. அடுத்த பண்டிகைக் கூத்துக்கு வாத்தியாரிடம் சொல்லிவைத்தால் போதும், தனியாகப் பணம் வேண்டாம்.

கேமராவும் கடையும்

இதைத்தான் எல்லோரும் விரும்பினார்கள். நான்கு கேமரா, பெட்டி, ஒயர், இன்டர்நெட் எல்லாம் சேர்த்து 60,000 என்று ஆள் வந்து கணக்குக் கொடுத்தார். தொட்டிப் படி, பள்ளிப் பின்சுவர், பஸ் ஸ்டாப், கோயில் முனை.

தொட்டிப் படியில் கேமரா வந்தால் பையன்கள் எங்கே போவார்கள்? ஏரிக்கரை மோட்டார் ரூமுக்குப் போவார்கள். இப்போது குறைந்தபட்சம் என் கடை வெளிச்சம் படுகிற தூரத்திலாவது இருக்கிறார்கள். ஒருவனுக்கு மயக்கம் வந்தால் நான்கு பேர் ஓடிப்போய்த் தூக்கலாம். மோட்டார் ரூமில் யார் தூக்குவது?

அதைவிடப் பெரிய பயம் எனக்கு வேறு. போன வருஷம் ஒரு பையன் புகைப்பதை யாரோ போனில் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். அனுப்பியவர் நல்லெண்ணத்தில்தான் அனுப்பினார். மறுநாளிலிருந்து பையன் பள்ளிக்கு வரவில்லை. இன்றைக்குவரை வரவில்லை, பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்க்கிறான். நான்கு கேமரா என்றால் அந்த மாதிரிப் படம் தினமும் நாலு கிடைக்கும்.

கேமரா வேண்டாம் என்றால் கடையைச் சும்மா விடுவதா? இல்லை. இதற்குக் காசே தேவையில்லை, சட்டம் போதும். 2003-ஆம் வருஷப் புகையிலைச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்கக் கூடாது, கல்வி நிலையத்திலிருந்து நூறு கெஜத்துக்குள்ளும் விற்கக் கூடாது. ஆனால் அதற்கு அபராதம் 200 ரூபாய்தான், யாரும் பயப்படுவதில்லை. பயப்பட வேண்டியது வேறு சட்டத்துக்கு: 2015-ஆம் வருஷச் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவு. குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் ஏழு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். குட்காவும் மெல்லும் புகையிலையும் தமிழ்நாட்டில் 2013 முதல் வருஷா வருஷம் உத்தரவு போட்டுத் தடை செய்யப்பட்டவை. எல்லை தாண்டினால் கதை வேறு. உதட்டுக்குள் வைக்கிற கூல் லிப் என்ற புகையிலைப் பவுச் ஒரு மாநிலத்தில் தடை, இன்னொன்றில் விற்பனை என்று இருப்பதைப் பார்த்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2024-ல், நாடு முழுக்க ஏன் தடை செய்யக் கூடாது என்று கேட்டது. கர்நாடக எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளி எங்களுக்கு ரொம்ப தூரமில்லை.

எங்கள் ஊரில் மூன்று பெட்டிக்கடை. நானும் கடைக்காரன்தான், அதனால் மூன்றிலும் நானே போய்ப் பேசினேன். ஒரு அக்கா ஒளிக்காமல் சொன்னார்: "மிட்டாய் வித்தா பத்து பைசா நிக்குது தம்பி. இதுல பாதிக்குப் பாதி. கரண்ட் பில் யாரு கட்டுவா?" அவரிடம் தீமையைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. 77-ஆவது பிரிவைத் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுத்தேன். அதோடு, பள்ளி நாட்களில் சுண்டல் ஆர்டர் கொடுப்பதென்றால் அந்த மூன்று கடையில்தான் என்று பேசி முடித்தோம். இரண்டு கடை நிறுத்திவிட்டது என்று நம்புகிறேன். மூன்றாவது பற்றி உறுதியாகச் சொல்ல மாட்டேன். மறுபடி விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறைக்கு எழுதுவது என்று முடிவு. கஞ்சா, மாத்திரை மாதிரி பெரிய விஷயம் காதில் விழுந்தால் 10581 என்ற மாநில இலவச எண்ணில் தகவல் கொடுப்பது.

ஒன்று கவனிக்க வேண்டும். விற்கிறவனைப் பற்றிப் புகார் கொடுப்பது வேறு, பையன் மேல் கேஸ் விழுவது வேறு. எங்கள் மாவட்டத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு ரோட்டில் ஓடுகிற பையன்கள் எல்லாம் போலீசுக்கும் ராணுவத்துக்கும் தயாராகிறவர்கள். ஒரு எஃப்ஐஆர் போதும், அந்தக் கதவு மூடிவிடும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு ஆளானவர் சிறிய அளவோடு சம்பந்தப்பட்ட வழக்கில் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. இது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் இரண்டு மாதம் முன்னால் தெரியாது.

மைதானம்

எழுதும்போதே என் மனசு இதன் பக்கம் சாய்ந்திருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். நான் பழைய வாலிபால் ஆள்.

உலகமே காட்டுகிற உதாரணம் ஐஸ்லாந்து. அங்கே 1998-ல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் போதை ஏறக் குடித்திருந்தார்கள். 2016-ல் அது 5 சதவீதம். தினமும் சிகரெட் பிடிப்பவர்கள் 23-லிருந்து 3. என்ன செய்தார்கள் என்று கேட்டால் எல்லோரும் "விளையாட்டு" என்பார்கள். அது பாதிதான். பிள்ளைகள் பாட்டுக்கோ விளையாட்டுக்கோ போக ஊராட்சியே பணம் கொடுத்தது. அதோடு குளிர்காலத்தில் 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் ராத்திரி பத்து மணிக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது என்று சட்டம். அதோடு பெற்றோர்கள் சேர்ந்து எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள்: என் பிள்ளையை மட்டுமில்லை, உன் பிள்ளையையும் நான் பார்த்துக்கொள்வேன் என்று. மைதானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால் அது ஐஸ்லாந்து ஆகாது. வசதியான சின்ன நாடு அது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எங்கள் மைதானக் கதை இதுதான். 2024-ல் அரசு எல்லா ஊராட்சிக்கும் கலைஞர் விளையாட்டுப் பெட்டகம் கொடுத்தது. கிரிக்கெட் மட்டை, வாலிபால் எல்லாம் உண்டு. நம் பக்கத்தில் எத்தனை ஊரில் அது பூட்டின அறையில் தூசி படிந்து கிடக்கிறதோ! பந்து இருக்கிறது, சாவி இருக்கிற ஆள் இல்லை. லைட் போட 18,000. நெட், கம்பம், கரண்டுக்கு எட்டாயிரம். இது பெரிய செலவே இல்லை. ஆனால் ஆள் இல்லாத மைதானம் ஏழு மணிக்கு மேல் என்ன ஆகும் என்று யோசித்தால், லைட் போட்ட தொட்டிப் படி ஆகும். டோர்னமென்ட் நடந்த ராத்திரி ஜெயித்த டீமும் தோற்ற டீமும் எதைக் கொண்டாடுகின்றன என்று எல்லோருக்கும் தெரியும். நானும் அந்த வயசில் கொண்டாடியவன்தான்.

இரண்டு விஷயம் கூட்டத்தில் யாரும் பேசவில்லை, நான் எழுதினேன். ஒன்று, பெண் பிள்ளைகள். மைதானம் என்றால் எங்கள் ஊரில் பையன்கள் என்று பொருள். வீட்டுக்குள்ளேயே அழுது தூங்குகிற பெண்ணுக்கு அந்த லைட் எட்டாது. இரண்டு, காலனி. கோயில் பக்கத்து நிலத்தில் மைதானம் போட்டால் காலனிப் பிள்ளைகள் வர மாட்டார்கள், வந்தாலும் சங்கடப்படுத்துவார்கள். பள்ளி மைதானம்தான் எல்லோருக்கும் பொதுவான மண். பண்டிகை வரிப்பணம் ஊர்ப் பணம்தானே என்று ஒருவர் ஆரம்பித்தார். கால்வாயில் கிடந்த பவுச்சில் எது ஊர்ப் பவுச், எது காலனிப் பவுச் என்று கூடை அக்கா கேட்டார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. இடம் பள்ளி மைதானம் என்று முடிவானது.

டாக்டர்

முகாம் ஒரு நாளோடு முடிந்துவிடும். அதற்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை, இருப்பதைப் பயன்படுத்தினால் போதும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் மனநல ஆலோசனை எண் 2022 அக்டோபரில் வந்தது. கட்டணம் கிடையாது, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்று 14446. குழந்தைகளுக்கு 1098.

சந்தேகத்துக்கு நானே ஒரு மதியம் 14416-க்குப் போட்டுப் பார்த்தேன். கடையில் ஆள் இல்லாத நேரம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு. என்ன பேசுவது என்று தெரியாமல் ஊர் விஷயத்தை ஆரம்பித்தவன், பத்து நிமிஷத்தில் என் தூக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். எண் வேலை செய்கிறது என்று மட்டும் நோட்டில் எழுதினேன்.

குறை எங்கே என்றால், பதினைந்து வயசுப் பையன் தானாகக் கூப்பிட மாட்டான். போன் ஆயாவுடையது, ஆயா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். தருமபுரிக்கு அழைத்துப் போக ஒரு நாள் கூலி போகும், இரண்டு பேருக்கு பஸ், ஓட்டல் சாப்பாடு. அதனால் டாக்டர் என்பது கடைசிப் படி. அந்தப் படிவரை கூட்டிப் போக ஒரு கை வேண்டும். தனியார் மறுவாழ்வு மையங்களுக்கு அனுப்பலாமே என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்: 2017-ஆம் வருஷ மனநலச் சட்டப்படி பதிவு செய்த சான்றிதழைக் கண்ணால் பார்க்காமல் யாரையும் விடாதீர்கள், சங்கிலி, அடி என்ற பேச்சு காதில் விழுந்தால் அந்த வாசலையே மிதிக்காதீர்கள். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கிற பொடிக்கும் இதே பதில்தான்.

ஆள்

கடைசி யோசனை கூடை அக்காவுடையது. சாயந்திரம் நாலரை முதல் ஏழரை வரை பிள்ளைகளோடு இருக்கச் சம்பளத்துக்கு ஒரு ஆள். முதலில் யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. "இருக்கிறதுக்கா சம்பளம்?" என்றார்கள்.

நான் தேடியதில் இதற்குத்தான் நம் நாட்டிலேயே நல்ல சான்று கிடைத்தது. பீகாரில் நாலந்தா மாவட்டத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு பெரிய சோதனை நடந்தது. 'சேஹர்' என்று பேர். மனநல ஆய்வாளர் விக்ரம் பட்டேல் குழுவினர் செய்து 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. சில பள்ளிகளில் இந்த வேலையை இருக்கிற ஆசிரியரிடமே கொடுத்தார்கள். சில பள்ளிகளில் மனநலப் படிப்புப் படிக்காத, ஆனால் பயிற்சி கொடுத்த ஒரு வெளியாளைப் போட்டார்கள். பிள்ளைகளோடு பேசுவது, குறைப் பெட்டி வைப்பது, சுவரொட்டிப் பத்திரிகை நடத்துவது, தனியாகப் பேச வருகிறவர்களோடு உட்காருவது, இவைதான் வேலை. வெளியாள் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது, மனச்சோர்வு குறைந்தது, பிள்ளைகளுக்குள் மிரட்டலும் அடிதடியும் குறைந்தன. ஆசிரியர் செய்த பள்ளிகளில் அந்த மாற்றம் இல்லை. ஆசிரியர் மோசம் என்பதில்லை. காலையில் மார்க் கேட்டவரிடம் சாயந்திரம் யார் மனசு திறப்பார்கள்?

அந்தச் சோதனை போதையைக் குறைக்கத் திட்டமிட்டதல்ல, பள்ளி நேரத்துக்குள் நடந்தது, பின்னால் பெரிய குழு இருந்தது. எங்களிடம் குழுவும் இல்லை. அப்படியே பெயர்த்து எடுக்க முடியாது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஆனாலும் எங்கள் ஓட்டை எது என்று பார்த்தால், நாலரை முதல் எட்டு வரை பெரியவர் யாரும் இல்லாத அந்த நேரம்தான். பேரணி ஒரு நாளைக்கு வந்து போகும். கேமரா பார்க்கும், பேசாது. மைதானம் காத்திருக்கும், கூப்பிடாது.

மாதம் 7,000. பன்னிரண்டு மாதத்துக்கு 84,000. லைட், நெட், கரண்ட் 26,000. தருமபுரிக்கு அழைத்துப் போக பஸ் காசும் விட்டுப்போன கூலியும் ஈடுகட்ட 20,000. கேரம், செஸ், புத்தகம், ஆள் கையில் ஒரு போன், அதற்கு ரீசார்ஜ் 10,000. கூட்டிப் பாருங்கள், 1,40,000 சரியாக வரும். அடுத்த வருஷம் பணம் எங்கிருந்து என்ற கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பண்டிகை வரியில் வீட்டுக்கு 100 ரூபாய் கூட்டலாம் என்று எழுதியிருக்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்து, அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாகவும் போட்டுவிட்டால் தலைவர் மாறினாலும் காகிதம் நிற்கும்.

சம்பளம் இல்லாத ஒரு ஷரத்தும் சேர்த்தோம். ஐஸ்லாந்திடம் கடன் வாங்கியது. ஒன்பது மணிக்கு மேல் யார் பிள்ளை தெருவில் இருந்தாலும், பார்க்கிறவர் வீட்டுக்குக் கூட்டிப்போய் விட வேண்டும். அதற்காக "என் பிள்ளையைக் கேட்க நீ யாரு" என்று சண்டைக்குப் போகக் கூடாது. இதற்குக் கையெழுத்து வாங்கப் போனபோதுதான் அதிகம் திட்டு விழுந்தது. பெங்களூரில் இருக்கிற பெற்றோர்களிடம் போனில் வாங்கினோம். ஒரு அப்பா ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் அங்க இல்லன்னுதானே சொல்றீங்க" என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் அவரே, "போட்டுக்கங்க" என்றார்.

ஊர்க்கவுண்டர் கடைசிவரை மனசார ஒப்பவில்லை. "டைல்ஸ் ஒட்டினா நூறு வருஷத்துக்குப் பேர் இருக்கும். சும்மா உட்கார ஆள் வெச்சா யாருக்கு என்ன தெரியும்?" அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. இது நன்றாக நடந்தால் வெளியே ஒன்றுமே தெரியாது. கால்வாயை அடுத்த தடவை தூர்வாரும்போது கூடை எவ்வளவு நிறைகிறது என்பதைத் தவிர அளக்க எங்களிடம் வேறு கருவி இல்லை.

வேலைக்கு இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் மாவட்ட அளவில் கபடி ஆடியவர், பையன்களுக்கு அவர் மேல் பயங்கர மரியாதை. இன்னொருவர் பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண். இல்லம் தேடிக் கல்வியில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர். காலனியிலிருந்து வருகிறார். கூட்டத்தில் பாதிப் பேர் கபடிக்காரர் பக்கம். நான் அந்தப் பெண் பக்கம். அவர் இருந்தால் பெண் பிள்ளைகள் வருவார்கள், கபடிக்காரரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிட்டால் வர மாட்டேன் என்றா சொல்லப்போகிறார்? வெள்ளிக்கிழமை கூடிப் பேசுகிறோம். அதுவரை பெட்டகச் சாவி என் கடையில், ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. நேற்று சாயந்திரம் தொட்டிப் படியிலிருந்து ஒருவன் இறங்கி வந்து, "அண்ணா, அந்தப் பந்துல காத்து இருக்குதா?" என்று கேட்டான். இல்லை. பம்ப்புக்கு 250 ரூபாய் ஆகும், அதை நோட்டில் எழுத மறந்துவிட்டேன்.